கேட்டதை எழுதி வைத்தவர்: ஐரின் பெர்னாண்டஸ்

என் பாட்டி பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் மருந்தடித்தவர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பட்டணத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே மருந்து என்பது நோயைத் தீர்ப்பது அல்ல. ரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் நடுவே மண்டும் புல்லையும் களையையும் கொல்லும் நஞ்சு. அதைத் தண்ணீரில் கலந்து, முதுகில் பம்பைச் சுமந்து, வரிசை வரிசையாக நடந்து தெளிப்பதுதான் மருந்தடிக்கும் வேலை.

அந்த நாள்களில் பாட்டிக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வருமாம். உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாராம். கைவிரல் நகங்கள் கறுத்துக் கழன்று விழுந்தன. வேலையை விட்ட பிறகுதான் ஒழுங்காக முளைத்தன. இதையெல்லாம் ஏதோ பழைய கதை போலச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் மருந்தையும் நகத்தையும் அவர் ஒருநாளும் சேர்த்துப் பேசியதில்லை. சேர்த்துப் பார்க்கும்படி அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காகத் தோட்டத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றித் தேடிப் படித்தபோதுதான், பாட்டியைப் போன்ற பெண்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதை எழுதி வைத்த ஒருவரைப் பற்றி அறிந்தேன். அவர் பெயர் ஐரின் பெர்னாண்டஸ். அந்நியத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்து நீதிமன்றம் ஏறியவர் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மருந்தடித்த பெண்களுக்காக அவர் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உண்மையில் இரண்டும் ஒரே வேலைதான்.

தோட்டத்தில் பிறந்தவர்

ஐரின் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணியில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். அக்காலத் தோட்டத்தில் யார் எங்கே குடியிருக்கிறார் என்பதே அவர் யார் என்பதைக் காட்டிவிடும். துரையின் பங்களா மேட்டில் இருக்கும். கிராணிமார், மேற்பார்வையாளர் வீடுகள் தனியாக இருக்கும். தொழிலாளர்களின் லயங்கள் பள்ளத்தில் நெருக்கியடித்து நிற்கும். ஐரின் வளர்ந்தது நடுவில் இருந்த வீட்டில். மேலே உள்ளவர்களின் வாழ்க்கையும் கீழே உள்ளவர்களின் வாழ்க்கையும் எப்படி வேறுபடுகின்றன என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

படித்து முடித்து இடைநிலைப்பள்ளி ஆசிரியரானார். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது. ஆனால் 1970இல், தம் 23ஆம் வயதில், அந்த வேலையை விட்டுவிட்டார். இளம் கிறிஸ்துவத் தொழிலாளர் இயக்கத்தில் முழுநேரமாகச் சேர்ந்தார். நாட்டில் தடையற்ற வாணிப மண்டலங்கள் தோன்றி, கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நெசவாலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க அவர் துணை நின்றார். பின்னர் நுகர்வோர் இயக்கத்திலும் பணியாற்றினார்.

1980களில் அவர் கவனம் பெண்களுக்கு எதிரான வன்முறையின் பக்கம் திரும்பியது. அவாம் எனப்படும் அனைத்து மகளிர் நடவடிக்கைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடிப் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வீட்டுக்குள் நடப்பது வீட்டு விஷயம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, சட்டம் தலையிடும் குற்றமானது.

தெனாகானித்தா

1991இல் ஐரின் தெனாகானித்தா என்ற அமைப்பைத் தொடங்கினார். மலாய் மொழியில் தெனாகா என்றால் ஆற்றல். வனித்தா என்றால் பெண். இரண்டையும் சேர்த்து உருவான பெயர் அது. தோட்டத்திலும் ஆலையிலும் உழைக்கும் பெண்களோடுதான் அதன் வேலை தொடங்கியது.

அப்போது தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் நம் தமிழ்ப் பெண்களே மிகுதி. காரணம் எளிது. செம்பனைக் குலை வெட்டுவது ஆண்கள் வேலை, கூலியும் கூடுதல். மருந்தடிப்பதற்குத் தனித்திறன் தேவையில்லை என்று கருதினார்கள். அதனால் அது குறைந்த நாள் கூலிக்குப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ 30,000 பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள் என்றும், ஆண்டுக்குச் சராசரியாக 262 நாள்கள் தெளித்தார்கள் என்றும் தெனாகானித்தாவும் அதனோடு சேர்ந்து பணியாற்றிய பான் ஆசிய பசிபிக் என்னும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் மதிப்பிட்டன. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்புக்கு ஐரின் பின்னாளில் தலைவராகவும் இருந்தார்.

வேலை நடந்த விதத்தைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் தோம்பில் மருந்து கலக்க வேண்டும். பம்பில் 16, 18 லிட்டர் நிரப்பினால் அதுவே பதினெட்டுக் கிலோவுக்கு மேல். மூடி சரியாக இல்லாவிட்டால் முதுகு வழியாக ஒழுகும். காற்று திசைமாறினால் சாரல் முகத்தில் அடிக்கும். முகமூடியும் ரப்பர் கையுறையும் கொடுத்தாலும், நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கினால் மூச்சு முட்டும். ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதுதான் பலருக்குப் பாதுகாப்பு. நனைந்த துணியோடு வீட்டுக்கு வந்து, அதைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைப்பார்கள். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளும் உண்டு.

நஞ்சு உடலில் என்ன செய்கிறது?

அறிவியல் படிக்கும் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

தோட்டங்களில் மிக அதிகமாகப் பயன்பட்ட களைக்கொல்லி பாராகுவாட். கிராமோக்சோன் என்ற வணிகப் பெயரில்தான் நம்மவர்களுக்கு அது பழக்கம். இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் 1962இல் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இலையில் பட்ட சில மணி நேரத்தில் புல் வாடிக் கருகும். அதனால் தோட்ட நிருவாகங்களுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும். அதற்கு முறிமருந்து கிடையாது. உடலுக்குள் நுழையும் பாராகுவாட் நுரையீரலில் போய்ச் சேர்கிறது. அங்குள்ள ஆக்சிஜனோடு திரும்பத் திரும்ப வினைபுரிந்து திசுக்களை அரிக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. மூச்சுத் திணறுகிறதே என்று ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் இன்னும் கூடும். தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பிற்காலத்தில் அதில் நீலப்பச்சை நிறமும் குமட்டும் நாற்றமும் வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்தார்கள்.

குடிக்காமல், தினமும் தோலில் பட்டால்? தோல் புண்ணாகும், கண் எரியும், நகங்கள் கறுத்துக் கழலும், சாரலைச் சுவாசித்தால் மூக்கில் இரத்தம் வரும். புல் கிழித்த கீறலோ, பம்பின் வார் உராய்ந்த புண்ணோ இருந்தால் அதன் வழியாக நஞ்சு உள்ளே இறங்கும். பாட்டியின் உடம்புச் சூடு எதுவென்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான்.

இன்னொரு வகை, ஆர்கனோபாஸ்பேட் எனப்படும் பூச்சிக்கொல்லிகள். செம்பனை ஓலையைத் தின்னும் கூடுப்புழுக்களைக் கொல்ல, மரத்தைத் துளைத்து அடிமரத்தில் ஊற்றப்பட்டுவந்த மெத்தமிடோபோஸ் அந்த வகைதான். நம் நரம்புகள் ஒரு வேதிப்பொருளை வெளியிட்டுத் தசைக்குக் கட்டளை கொடுக்கின்றன. கட்டளை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அந்தப் பொருளைச் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. விளக்கை அணைக்கும் விசை பழுதானது போல, கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை, எச்சில், கண் மங்கல், வயிற்றுப் பிடிப்பு, தசைத் துடிப்பு, முடிவில் மூச்சுத் தடை. இரத்தத்தில் இந்த நொதியின் அளவைச் சோதித்தால் பாதிப்பைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் யாராவது சோதிக்கச் சொல்ல வேண்டுமே!

தலைவலி, மயக்கம், முதுகுவலி, களைப்பு என்று ஒரு பெண் கிளினிக்குக்குப் போனால் என்ன நடக்கும்? இவையெல்லாம் எவருக்கும் வரக்கூடியவை. மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். அவள் என்ன வேலை செய்கிறாள், எந்த மருந்தை அடிக்கிறாள், எத்தனை ஆண்டுகளாக அடிக்கிறாள் என்று கேட்டால்தான் நோயும் வேலையும் இணையும். கேட்காதவரை பதிவேட்டில் அது வெறும் தலைவலி. பதிவேட்டில் இல்லாத நோய்க்கு நிவாரணமும் இல்லை.

இரண்டு ஆய்வுகள்

ஐரினும் அவர் தோழர்களும் கை வைத்தது இங்கேதான். 1992இல் தெனாகானித்தாவும் பான் அமைப்பும் சேர்ந்து, மலேசியாவில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டன. குரலற்ற பலியாட்கள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அதற்கு. பத்து ஆண்டுகள் கழித்து, 2002இல், இரண்டாவது ஆய்வு வந்தது. நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள்.

இரண்டு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் தலைப்பில் அந்தப் பெண்களுக்குக் குரல் இல்லை. இரண்டாவதில், குரல் இருக்கிறது, ஆனால் அடைக்கப்பட்டிருக்கிறது. பத்தாண்டுகள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியவர்களுக்குக் கிடைத்த தெளிவு அது. வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர் அந்தப் பெண்கள். சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருந்தது. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும்.

ஆய்வு செய்தவர்கள் பெண்களின் அன்றாட வேலையையும் உடல் உபாதைகளையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்தார்கள். இரண்டாம் ஆய்வில் மருத்துவப் பரிசோதனையும் சேர்ந்தது. தாங்கள் அடிக்கும் மருந்து என்ன, அது என்ன செய்யும் என்று பலருக்குச் சொல்லித்தரப்படவே இல்லை என்பது அதில் வெளிப்பட்டது. புட்டியின் மீது எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். ஆனால் பல பெண்களுக்கு அதைப் படிக்க வராது. கலக்கி வைத்த மருந்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்தப் புட்டியும் கண்ணில் படாது.

அதே 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. ஆசியாவிலேயே துணிச்சலான முடிவு என்று பலரும் பாராட்டினார்கள். ஆனால் செம்பனைத் தொழில்துறையின் எதிர்ப்பு ஓயவில்லை. மாற்று மருந்துகளுக்குச் செலவு கூடும் என்றார்கள். 2006 நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. மேலும் ஆராய வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பாராகுவாட்டைத் தயாரித்துவந்த சின்ஜென்டா நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்தோ 1989இலேயே அதைத் தம் நாட்டில் தடை செய்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் நீதிமன்றத் தீர்ப்பின் வழி அதன் அனுமதி இரத்தானது. அங்கே ஆகாதது இங்கே மட்டும் எப்படி ஆகும் என்பதே தெனாகானித்தாவின் கேள்வி.

எழுதியதற்குத் தண்டனை

கேட்டதை எழுதி வைக்கும் இந்தப் பழக்கம்தான் ஐரினின் வாழ்க்கையில் பெரிய சோதனையையும் கொண்டு வந்தது.

1990களின் நடுவில் தெனாகானித்தா அந்நியத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்தது. 300க்கும் மேற்பட்டோரிடம் பேசியபோது, தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தவர்கள் அங்கு நடந்ததைச் சொன்னார்கள். போதிய உணவில்லை, அடி உதை, நோய்க்குச் சிகிச்சை இல்லை, மரணம். அவற்றைத் தொகுத்து 1995இல் ஐரின் ஒரு மகஜராக வெளியிட்டார். முகாம்களில் மரணங்கள் நிகழ்ந்ததைப் பின்னர் அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் 1996 மார்ச்சில் ஐரின் கைது செய்யப்பட்டு, அச்சகச் சட்டத்தின் கீழ், தீய நோக்கத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார்.

வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது. நாட்டின் மிக நீண்ட குற்றவியல் வழக்குகளில் ஒன்று அது. 2003 அக்டோபர் 16ஆம் தேதி மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே இருந்தார். அந்தத் தண்டனையால் 2004 பொதுத்தேர்தலில் அவரால் போட்டியிட முடியவில்லை. கடப்பிதழும் நீதிமன்றத்தின் கையில் இருந்தது. 2005இல், மாற்று நோபல் பரிசு என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. உலகம் விருது கொடுத்து அழைத்த வேளையில், சொந்த நாட்டில் அவர் தண்டனை பெற்றவராகவே இருந்தார்.

2008 நவம்பர் 24ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. விசாரணையில் பதிவான சாட்சியக் குறிப்புகள் குறைபாடாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டை விசாரிக்க முடியாத நிலையில், அரசுத் தரப்பும் தண்டனையை நிலைநிறுத்தக் கோரவில்லை. தொழிலாளர்கள் சொன்னதை எழுதி வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், நீதிமன்றத்தில் சொன்னது சரியாக எழுதி வைக்கப்படாததால் விடுதலையானார். இடையில் அவர் வாழ்நாளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

அவர் காணாத நாள்

ஐரின் 2014 மார்ச் 31ஆம் தேதி, 67ஆம் வயதில், இதய நோயால் காலமானார். நான் அப்போது தொடக்கப்பள்ளி மாணவி. அந்தச் செய்தி எங்கள் வீட்டில் வாசிக்கப்பட்டதா என்பதுகூட நினைவில்லை. பாராகுவாட் அப்போதும் கடைகளில் விற்பனையில் இருந்தது.

மலேசியாவில் அதன் முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. முதல் ஆய்வு வெளிவந்து இருபத்தெட்டு ஆண்டுகள், ஐரின் மறைந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. தடைக்குப் பலர் காரணம்; மருத்துவர்கள், அதிகாரிகள், அமைப்புகள் எல்லாரும் உழைத்தார்கள். ஆனால் எவர் பேசினாலும் ஆதாரம் எங்கே என்ற கேள்வி முன்னால் நிற்கும். அந்த ஆதாரத்தில் ஒரு பகுதி, தோட்டத்துப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொன்ன சொற்கள். யாரோ ஒருவர் அவற்றைச் சாட்சியமாக மதித்து எழுதியிராவிட்டால், அவை லயத்து வாசலோடு போயிருக்கும்.

இதோடு கதை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நெகிரி செம்பிலானில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்று பம்பைச் சுமப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டிகள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் வேறொரு நாட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். மருந்தின் பெயர் மாறியிருக்கிறது. மொழி தெரியாதது, எச்சரிக்கையைப் படிக்க முடியாதது, புகார் சொன்னால் வேலை போகும் என்ற பயம் ஆகியவை மாறவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பெண்களிடம் தொடங்கிய ஐரின், பிறகு ஏன் அந்நியத் தொழிலாளர்களிடம் போனார் என்று நான் முதலில் யோசித்ததுண்டு. அவர் எங்கும் போகவில்லை. அதே வேலைக்கு ஆள்தான் மாறியிருந்தது.

சென்ற விடுமுறையில் பாட்டியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், மருந்து என்ன நிறம், எப்படி நாறும், கையுறை கொடுத்தார்களா, மூக்கில் இரத்தம் எப்போது வரும், கிளினிக்கில் என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று முதலில் வெட்கப்பட்டார். அரை மணி நேரம் கழித்து, தம்மோடு மருந்தடித்தவர்கள் யார் யார், அவர்களில் யார் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள் என்று அவரே சொல்லத் தொடங்கினார். பதினோரு பக்கம் எழுதியும் முடியவில்லை.

தோட்டத்து வேர் இல்லாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் குறைவு. உங்கள் வீட்டிலும் பால் வெட்டியவரோ மருந்தடித்தவரோ இருப்பார். இந்த விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். என்ன வேலை செய்தீர்கள், உடம்புக்கு என்ன வந்தது என்று இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். பதிலை ஆண்டோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதி வையுங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.